ஆயிரம் கிலோமீட்டர் வரை

மஞ்சக்குப்பத்தில் கடைசி நோயாளியின்
கடைவாய்ப் பல்லுக்கு மூடி போட்டனுப்பி
வேதவல்லி ஷட்டரைப் பாதி இறக்கியதும்
பின்கட்டில் எனக்காக
வாய் பிளந்து கிடக்கும் இன்னொன்று:
எஸ்டீம், தொண்ணூற்றெட்டாம் வருடத்து வண்டி,
நான்கு சிலிண்டர், அறுபத்தைந்து குதிரை.
அதில் பாதி சிதம்பரம் சாலையில் எங்கேயோ
புகையாய்ப் போய்விட்டிருந்தது.

இந்தக் கரைக்குக் குதிரைகள் ஒரு காலத்தில்
கப்பலில் வந்தன என்பார்கள்.
எனக்கு வந்தவை கோயம்புத்தூரிலிருந்து
பார்சல் சர்வீஸில்.
அரை மில்லி பெருத்த பிஸ்டன் நாலு,
செய்தித்தாள் சுற்றிய கேம் ஷாஃப்ட்.
கையெழுத்து வாங்கியவர் தூக்கிப் பார்த்து
"பல்லு மெஷினா டாக்டர்?" என்றார்.
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

ஓ.டி.யில் கமால் பாய் பிளாக்கைக் கடைந்து தந்தார்,
படகு இன்ஜின்களுக்குப் பின்னால்
நாலு நாள் வரிசையில் நின்று.
"இதோட நிறுத்திக்கணும்மா,
இன்னும் போனா சுவர் தாங்காது."
விரல்கணுவால் தட்டிக் காட்டினார்.
எனக்கு அந்த ஓசை தெரியும்.
நரம்புக்கு ஒரு நூல் முன்னால்
நிறுத்தி நிறுத்திப் பழகிய கை இது.

ஹெட்டை மட்டும் யாருக்கும் தரவில்லை.
செயற்கைப் பல் ராவிய பழைய மைக்ரோமோட்டார்,
புது பர், பழைய ஏப்ரன்,
வெள்ளிப் பொடி புருவம் வரை.
காற்று உள்ளே வரும் வழியைக்
கொஞ்சம் சொரசொரப்பாகவே விட்டேன்,
பெட்ரோல் சுவரில் வழிந்து சோம்பாமல்
உருண்டு புரண்டு போகட்டும் என்று.
வெளியேறும் வழியை முகம் தெரியத் தேய்த்தேன்.
தெரிந்தது முகம், மூக்கு மட்டும் பெரிதாக.

"கடிச்சுப் பாருங்க, எங்க இடிக்குது?"
பகலெல்லாம் நீலத்தாள் வைத்துக் கேட்பவள்
வால்வுகளிடம் என்ன கேட்பது.
நீல மை தடவி, உட்கார வைத்து,
ஒரு திருகு திருகி எடுத்துப் பார்க்கிறேன்:
வட்டம் எங்கும் அறுபடாமல் விழவேண்டும்.
ஏழு விழுந்தன.
எட்டாவதில் மயிரிழை வெள்ளை.
மறுபடி பேஸ்ட். மறுபடி மை. மறுபடி.
"மரத்துப் போச்சா பேஷண்டுக்கு?" என்று கேட்டு
டார்ச்சைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள் வேதவல்லி.

சாவி திருகிய ஞாயிறு விடிகாலை
முதலில் இருமல். பிறகு ஒரு கேவல்.
பிறகு எதிர்வீட்டு வக்கீலின் ஜன்னல் கண்ணாடி
தன் சட்டத்துக்குள் நடுங்கியது.
நடுங்கியது என் முழங்காலும்.

கமால் பாய் பானட்டை மூடவிடாமல் காது கொடுத்துக் கேட்டார்.
"நல்லாத்தான் பாடுது. ஆனா ஆயிரம் வரைக்கும்
முள்ளு மூவாயிரத்தைத் தாண்டக் கூடாது.
ரிங்கும் சுவரும் புதுசு.
ஒண்ணை ஒண்ணு தெரிஞ்சுக்கட்டும்."

நான் கேப் மாட்டிய ஒவ்வொருவரிடமும் சொல்வதுதான்:
ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் மெல்லாதீங்க.
ஒருவரும் கேட்டதில்லை.
முறுக்கோடு திரும்பி வருவார்கள்.

ஆக, இப்போது தினமும் ராத்திரி
பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி,
முள்ளோடையில் பெட்ரோல்,
கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், புதுச்சேரி.
பீச் ரோட்டில் இறங்குவதுகூட இல்லை,
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறேன்.
பாண்டி பஸ் ஹாரனாலேயே என்னைத் திட்டுகிறது.
நேற்று நண்டுக் கூடை ஏற்றிய மினி டெம்போ
பக்கவாட்டில் வந்து, பார்த்து,
"வண்டி இழுக்கலையாக்கா?" என்று
நிஜமான அக்கறையோடு கேட்டுவிட்டுப் போனது.

இழுக்கும் தம்பி.
கட்டைவிரலுக்குக் கீழே கிடக்கிறது.
ஒரு தும்மல் போதும்.

முள் இரண்டாயிரத்து எண்ணூறில்.
அறுநூற்றுப் பன்னிரண்டு ஆகியிருக்கிறது.
இன்னும் முந்நூற்று எண்பத்தெட்டு.